விளக்கு வாரியத்தின் முதல் ஒப்புதல்

ரொட்டிக்காரருடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்விளக்கு உண்டு என்பதற்கு ஒரே ஆதாரம் அதன் பதிவுப் புத்தகம்தான். மற்றபடி, விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் அவர் கையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்க் குனிய வேண்டியிருந்தது.

விடிகாலை நாலு மணிக்குப் பேக்கரி அடுப்பிலிருந்து பன்னும் ரொட்டியும் வெளியே வரும். அவற்றைத் தகரப் பெட்டியில் அடுக்கி, வண்டியின் பின்னால் கட்டி, ஏழு கடைகளில் இறக்கிவிட்டு, ஐந்தரைக்குள் தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு அங்கே ஷிஃப்ட் மாறும். பசியோடு வெளியே வருகிறவனும் தூக்கத்தோடு உள்ளே போகிறவனும் ஒரே நேரத்தில் பன் கேட்பார்கள். இடையில் மரம் அறுக்கும் மில்லுக்கு அப்பால் ஒரு வளைவு. அந்தப் பக்கம் தெருவிளக்கு கிடையாது. பதினோரு வருடமாக அந்த வளைவை அவர் கண்ணால் பார்த்து ஓட்டியதில்லை, மனப்பாடமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் சாலையைச் செப்பனிடுகிறவர்கள் வந்து, அந்த வளைவில் ஒரு ஜல்லிக் குவியலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அது மனப்பாடத்தில் இல்லை. ஜல்லியை ரொட்டிக்காரர் முதன்முதலில் கவனித்தது அதன் மேல் படுத்திருந்தபோதுதான். முழங்காலில் நாலு தையல். நூற்றிருபது பன்கள் சாக்கடையில்.

பேக்கரி முதலாளி முழங்காலைப் பார்க்கவே இல்லை.

"கால் சரியாயிரும்யா. பன்னு சரியாகுமா? கேன்டீன்காரன் போன்ல என் காதைக் கிழிச்சிட்டான். இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா உன் லைனைத் தூக்கி வேன்காரனுக்குக் கொடுத்துடுவேன். ஒண்ணு இல்ல, அவனுக்கு ரெண்டு லைட்டு இருக்கு."

முதலாளி சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து இறங்கினார். மச்சான் என்றால் ரொட்டிக்காரர் மனைவியின் தம்பி. நாடக மேடைகளுக்கு விளக்குப் போடுகிறவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் மேல் எங்கிருந்து வெளிச்சம் அடித்தால் நன்றாயிருக்கும் என்றுதான் யோசிப்பார். வந்ததும் வராததுமாக முன்விளக்கைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, செத்த எலியைப் பார்த்தது போல முகத்தைச் சுளித்தார்.

"மாமா, இது லைட்டு இல்ல. துரு புடிச்ச கிண்ணம்."

"எரியுதே."

"எரியுதுதான். யாருக்காக எரியுதுன்னு அதுக்கே தெரியல."

வாசலில் பழைய துணியை விரித்து வேலை தொடங்கியது. கிண்ணத்தை மாற்றியாயிற்று. புது எல்.இ.டி. பல்பின் பின்னால் ஒரு குட்டி விசிறி இருந்ததால் ரப்பர் மூடி மூடவில்லை. மூடியின் நடுவில் வட்டமாக வெட்டியாயிற்று. பழைய ஒயர் நூல் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயரை இழுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸும் ஒரு ரிலேயும் வைத்து, எல்லாவற்றையும் டேப் சுற்றிப் பெட்ரோல் டாங்கின் அடியில் ஒளித்துவிட்டார் மச்சான். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் மேடைக் கலைஞர் இல்லை.

"இண்டிகேட்டரைத் தண்ணி ஓடற மாதிரி ஓட விடட்டுமா?"

"வேண்டாம்."

"பன்னுப் பெட்டியைச் சுத்தி நீல லைட்டு?"

"டேய்," என்றாள் அக்கா, "உங்க மாமா பன்னு விக்கப் போறாரா, பறக்கப் போறாரா?"

கடைசியில், மழை மேகம் கூடி வாசல் இருட்டிக்கொண்டு வந்தபோது, விளக்கை மட்டம் பார்க்கும் வேலை. எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல், ரோட்டில் மட்டும் விழ வேண்டும். வண்டியைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, விளக்கு இருக்கும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். ஆனால் பெட்டியில் சரக்கு ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். ஆகவே சரக்கோடுதான் மட்டம் பார்க்க வேண்டும் என்றார் மச்சான்.

"ஞாயித்துக்கிழமை பன்னுக்கு எங்க போறது?" என்றார் ரொட்டிக்காரர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன்," என்றாள் மனைவி.

ஐந்து நிமிடம் கழித்து அவள் தகரப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "எத்தனை பன்னுக்குச் சமம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். ரொட்டிக்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் திருகைத் திருப்பினார். அந்த இல்லறம் நீடித்து நிற்பதன் ரகசியம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

சாக்பீஸ் கோடு விழுந்த சுவர் எதிர்வீட்டுக்காரருடையது. அவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் வீட்டுக் கதவைக் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குச் சாத்துகிறவர். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்ததால் வெளியே வந்தார்.

"இதுக்கு வாரியத்துல ஒப்புதல் வாங்கியாச்சா?"

"எந்த வாரியம் சார்?"

"வாகன விளக்கு மாற்ற ஒப்புதல் வாரியம். பல்ப் மாத்தினாக்கூட அங்க சொல்லணும். தெரியாதா?" இவ்வளவும் சொல்லிவிட்டு, தெரியாமல் ஒரு மனிதன் இத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கிறானே என்கிற வியப்போடு உள்ளே போனார்.

"பேசாம இருங்க மாமா," என்றார் மச்சான். "ஊர்ல ஓடற வண்டி பூரா மாத்தின வண்டிதான். எவனும் போய்ச் சொல்றதில்ல."

"தப்பா எதுவும் செய்யலையே. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

ரொட்டிக்காரர் வாழ்க்கையில் அதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. சொல்லும்படியாக யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பதும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை விடிகாலை மில் தாண்டி வளைவில் திரும்பியபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரோடு தெரிந்தது. ரோட்டின் ஓரம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் பலகை தெரிந்தது. 'வளைவு உள்ளது, கவனம்' என்று அதில் எழுதியிருந்தது. பதினோரு வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அன்று ஐந்து இருபதுக்கே கேன்டீனில் பெட்டி இறங்கியது. அந்தச் சந்தோஷத்தோடு, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு வாரியத்துக்குப் போனார்.

வாரியம் மூன்று மாடிக் கட்டிடம். வராந்தாவில் வரிசையாகப் பல்ப் மாட்டும் இடங்கள் இருந்தன, பல்ப் இல்லை. பல்ப் மாட்டுவதும் ஒரு விளக்கு மாற்றம்தான் என்பதால், வாரியம் தனக்குத்தானே விண்ணப்பித்து நாலு வருடமாகத் தன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர் சுவரைத் தடவிக்கொண்டே போய் விசாரணை மேஜையைக் கண்டுபிடித்தார். அங்கே ஓர் அம்மாள் இருந்தார்.

"முன்விளக்குங்களா, பின்விளக்குங்களா?"

"முன்விளக்குங்க."

"மாத்தப் போறீங்களா?"

"மாத்திட்டேங்க."

அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்து மேஜையில் தட்டச்சும் நின்றது.

"மாத்திட்டு வந்து சொல்றீங்களா?"

"ஆமாங்க."

"யாராவது புடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"யாராவது எழுதிப் போட்டாங்களா?"

"இல்லீங்க. நானா வந்தேன்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "எல்லாரும் இங்க வாங்களேன், ஒருத்தர் தானா வந்திருக்கார்." எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் அவருடைய சட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

விண்ணப்பம் பதினாறு பக்கம். ஏழாம் பக்கத்தில், பழைய விளக்கின் வெளிச்சம் போதாததை நேரில் கண்ட இரு சாட்சிகளின் கையெழுத்தைக் கேட்டிருந்தது.

"இருட்டுல எப்படிங்க நேர்ல காணறது?"

"ஒருத்தரால முடியாதுன்னுதானே ரெண்டு பேரைக் கேக்கறோம்," என்றார் அம்மாள் பொறுமையாக.

பிறகு அவருக்கு ஒளி வணக்கம் கற்றுத் தரப்பட்டது. வாரியத்தில் எந்த அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாலும் வாயால் வணக்கம் சொல்லக் கூடாது. கதவோரம் உள்ள சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைக்க வேண்டும். அதிகாரியின் மேஜை விளக்கு இரண்டு முறை சிமிட்டும். அவர் திருப்பி ஒருமுறை சிமிட்டினால் வரலாம் என்று பொருள். இரண்டு முறை என்றால் உட்காரலாம். ஒன்றுமே சிமிட்டாவிட்டால் அதிகாரி தூங்குகிறார், அல்லது பல்ப் போய்விட்டது. இரண்டிலும் வெளியே காத்திருக்க வேண்டும். ரொட்டிக்காரர் அன்று ஆறு அறைகளில் சிமிட்டினார். நாலில் காத்திருந்தார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் வாசல் சுவிட்சை இரண்டு முறை தட்ட, சமையலறையிலிருந்து மனைவி, "அதை நோண்டாதீங்க, ஃப்யூஸ் போயிடும்" என்றாள்.

பரிசோதனை புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, வாரியத்தின் திறந்த மைதானத்தில். உச்சி வெயில். மூன்று பரிசோதகர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மூத்தவர், அவர் தலைக்கு மேல் மட்டும் குடை. இடப்பக்கம் இருந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர். வலப்பக்கம் இருந்தவர் நிழல் பிரிவைச் சேர்ந்தவர். வெளிச்சம் விழாத இடங்களுக்கு அவர் பொறுப்பு.

"போடுங்க," என்றார் மூத்தவர்.

"போட்டாச்சு சார்."

"எரியுதா?"

"எரியுது சார்."

"தெரியலையே."

"வெயில் சார். இருட்டுல நல்லாத் தெரியும்."

மூத்தவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. முப்பத்திரண்டு வருஷமா இந்த மைதானத்துல ஒரு விளக்குகூட எரிஞ்சதில்ல. ஜனங்க எவ்வளவு மட்டமான விளக்கை வாங்கிப் போடறாங்கன்னு நெனைச்சா எங்களுக்கே பயமாயிருக்கு."

"சாயந்திரம் ஏழு மணிக்கு ஒருதடவை பாத்தீங்கன்னா..."

"ஆபீஸ் அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும். அஞ்சு மணிக்கு மேல இருட்டினா அதுக்கு வாரியம் பொறுப்பில்ல."

"இருட்டறை ஒண்ணு இருக்கில்ல?" என்றார் எழுதுகிறவர், எழுதிக்கொண்டே.

இருட்டறை இருந்தது. ஆனால் இருட்டில் ஊழியர்கள் தடுக்கி விழக் கூடாது என்று எட்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்ததிலிருந்து அங்கே ஒரு ட்யூப் லைட் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கட்டிடத்திலேயே ஒழுங்காக வெளிச்சம் உள்ள அறை அதுதான் என்பதால் எல்லாரும் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிட்டார்கள்.

"விதியைப் படிங்க," என்றார் மூத்தவர்.

எழுதுகிறவர் படித்தார். "இருட்டு எனப்படுவது, பரிசோதிப்பவரின் கண்ணுக்கு எதுவும் புலப்படாத நிலை."

மைதானத்தின் மூலையில் ஒரு நாய் எழுந்து நிழலைத் தேடிப் போயிற்று. பிறகு நிழல் பிரிவுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கிட்டா எதுவும் புலப்படாதே."

மற்ற இருவரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மூத்தவர் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். குடை மடக்கப்பட்டது. மூன்று நாற்காலிகளும் விளக்குக்கு நேரே திருப்பப்பட்டன. சூரியனுக்கும் நேரே என்பது தற்செயல். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே சமயத்தில் கண்ணை மூடினார்கள்.

"இருட்டாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"விளக்கைப் போடச் சொல்லுங்க."

"எரிஞ்சுட்டுதான் சார் இருக்கு," என்றார் ரொட்டிக்காரர்.

"என்ன தெரியுது?"

"எனக்குச் சிவப்பாத் தெரியுது சார்."

"எனக்கும்."

"எனக்குக் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மாதிரி..."

"வாரியம் ஒரே முடிவாச் சொல்லணும்."

"சிவப்பு சார்."

ரொட்டிக்காரர் பதறிப்போனார். "சார், அது வெள்ளை சார். வெயில்ல கண்ணை மூடினா யாருக்கும் சிவப்பாத்தான் சார் தெரியும். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பாருங்க."

"திறந்தா இருட்டு போயிடுமே," என்றார் மூத்தவர், கண்ணைத் திறக்காமல். "முன்பக்கம் சிவப்பு விளக்கு. பெரிய குத்தம்ங்க இது. எதிர்ல வர்றவன் உங்களைப் போறவன்னு நெனைச்சுப்பான்." பிறகு எழுதுகிறவர் பக்கம் திரும்பி, "எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அவரும் கண்ணை மூடியபடியேதான் எழுதியிருந்தார். அந்த அறிக்கையின் கையெழுத்து வாரியத்தின் மற்ற அறிக்கைகளுடைய கையெழுத்தைவிட மோசமாக இல்லை.

பன்னிரண்டரைக்கு வண்டி பறிமுதல் ஆகி, கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. அது மூத்த பரிசோதகருடையது. முன்விளக்கு சரியில்லை என்று அவர் அதை ஓட்டுவதில்லை.

வியாழக்கிழமை விடிகாலை ரொட்டிக்காரர் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, தையல் பிரிக்காத முழங்காலோடு மிதித்தார். கேன்டீனுக்குப் போனபோது மணி ஆறு பத்து. பேக்கரிக்குத் திரும்பினால், வாசலில் வேன்காரர் நின்று, முதலாளியிடம் ஏழு கடைகளுக்கும் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் ரெண்டு நாளைக்கு ஓட்டட்டும்," என்றார் முதலாளி. "திங்கக்கிழமை காலையில வண்டியோட வந்து நின்னேன்னா உன் லைன் உனக்கு. வரலேன்னா இவனுக்கே. பதினோரு வருஷப் பழக்கத்துக்காகச் சொல்றேன், இதுக்கு மேல என்னைக் கேக்காதே."

வெள்ளிக்கிழமை மேல்முறையீடு. வாரியத் தலைவரே நேரில் கேட்பார் என்றார்கள். மனைவியும் கூட வந்தாள். "நீங்க உள்ளதைச் சொல்றேன்னு போய்த்தான் இங்க வந்து நிக்கிறோம். இன்னிக்கு நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தலைவர் அறையில் சுவிட்சை இரண்டு முறை தட்டினார்கள். திருப்பி மூன்று முறை சிமிட்டியது. மூன்றுக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித் தரவில்லை, ஆகவே உள்ளே போய் நின்றார்கள். தலைவர் மேஜைக்குப் பின்னால், முகத்தில் பாதி மட்டும் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று பரிசோதகர்களும் நின்றார்கள்.

"தானா வந்து சொன்னவர் நீங்கதானா?" தலைவர் அன்போடு கேட்டார். "உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் இந்த வாரியம். மத்தவங்க எல்லாம் வர்றதே இல்ல. வராதவங்களை நாங்க எப்படிப் புடிக்க முடியும்? வர்றவங்களைத்தான் புடிக்க முடியும்."

"அவர் புடிபட வரல சார், சொல்ல வந்தார்," என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒரே கவுண்டர்தாம்மா." தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த வாரியத்தை ஜனங்க குறை சொல்றாங்க. தெரியும். ஆனா ஒரு விஷயத்தை யோசிங்க. இந்த முப்பத்திரண்டு வருஷத்துல, நாங்க ஒப்புதல் கொடுத்த விளக்கால ஒரு விபத்து நடந்ததுன்னு யாராவது காட்ட முடியுமா? ஒண்ணே ஒண்ணு? முடியாது."

"எத்தனை விளக்குக்கு சார் ஒப்புதல் கொடுத்திருக்கீங்க?"

"அதான் சொல்றேனேம்மா. ஒரு விபத்துகூட நடக்கல."

பரிசோதகர்கள் மூவரும் பெருமையோடு தரையைப் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் மனைவி, "வண்டி கீழதான் நிக்குது. நீங்க ஒரு நடை வந்து, கண்ணைத் திறந்து, ஒரு தடவை பாத்துட்டா முடிஞ்சுது. இவருக்குத் திங்கக்கிழமை வண்டி இல்லேன்னா பொழைப்பே போயிடும்."

"வரலாம்மா. எனக்கும் மனசு இருக்கு. ஆனா நான் கண்ணைத் திறந்து பாத்தேன்னா, இவங்க மூணு பேரும் கண்ணை மூடிட்டுப் பாத்தாங்கன்னு ஆயிடும். இவங்களுக்குக் குடும்பம் இருக்கு. ஒரு தடவை திறந்து பாத்துட்டா, அப்புறம் வர்ற எல்லாரும் திறந்து பாருங்கன்னுவாங்க. கண்ணைத் திறக்கறதுக்குன்னு தனியா ஒரு பிரிவு தொடங்கணும். ஆள் எடுக்கணும். அதனால வாரியம் சிவப்புன்னு சொன்னா சிவப்புதான். அதை மாத்த முடியாது."

ரொட்டிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போலாம் வா" என்றார். வேன்காரருக்கு வழி சொல்லும்போது மில் பக்கத்து வளைவைப் பற்றி எச்சரிக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட மனிதர்.

"இருங்க," என்றார் தலைவர். "நான் மாத்த முடியாதுன்னுதான் சொன்னேன். வழி இல்லேன்னு சொல்லல. சிவப்பு விளக்கு எங்க இருக்கலாம்? விதியைப் படிங்க."

எழுதுகிறவர் படித்தார். "சிவப்பு விளக்கு வாகனத்தின் பின்பக்கத்தில் மட்டுமே இருக்கலாம்."

"அப்ப ஒப்புதல் கொடுக்கலாமே. சிவப்பு விளக்கு எந்தப் பக்கம் இருக்கோ அது பின்பக்கம்."

மூத்த பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதுகிறவர் எழுத ஆரம்பித்துவிட்டார். பதிவுப் புத்தகத்தில் முன்பக்கம் என்று இருந்த இடமெல்லாம் பின்பக்கம் என்றும், பின்பக்கம் என்று இருந்த இடமெல்லாம் முன்பக்கம் என்றும் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முத்திரை குத்தினார்கள். நாலு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில், வண்டியைப் பழையபடியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும், ஆனால் அவ்வாறு பயன்படுத்தும்போது அது பின்னோக்கிச் செல்வதாகக் கருதப்படும் என்றும் எழுதியிருந்தது. வாரிய வரலாற்றில் முதல் ஒப்புதல். ஊழியர்கள் எல்லாரும் வந்து வராந்தாவில் கை தட்டினார்கள். இருட்டாக இருந்ததால் யார் யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் மனைவி காகிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"அப்ப நாம இத்தனை வருஷமா பின்னாடிதான் போயிட்டு இருந்தோமா?"

"தெரியலயே."

"எனக்கு அப்பப்ப அப்படித்தான் தோணும்," என்றாள் அவள்.

சனிக்கிழமை மச்சான் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திண்டாடிப்போனார். அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாமா, அப்ப ஸ்டாப் லைட்டு முன்பக்கம் ஆயிடுது. பிரேக் புடிச்சா முன்னால எரியும். ஹாரன் பின்னால அடிக்கும். நான் மேடையிலகூட இவ்வளவு பண்ணினதில்ல." முன்பக்கமாகிவிட்ட பின்பக்கத்தில் இருக்கும் சிவப்பு விளக்கை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, ரொட்டிக்காரர் வழக்கம் போல, "திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை விடிகாலை நாலு பத்துக்குப் பேக்கரியை விட்டுக் கிளம்பினார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேன்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று, வேனில் சாய்ந்தபடி தயாராக நின்றுகொண்டிருந்தார். ஏழு கடைகளும் முடிந்தன. வளைவு கண்ணாடி மாதிரி தெரிந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பும் முக்கில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தியபோது மணி ஐந்து எட்டு.

"விளக்கு பளிச்சுன்னு இருக்கே. பேப்பர் இருக்கா?"

ரொட்டிக்காரர் எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து, அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே நாலு பக்கத்தையும் படித்தார். ஒவ்வொரு முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்து பதிமூன்று. கேன்டீனுக்கு இன்னும் எட்டு நிமிட ஓட்டம்.

"இதுல எழுதியிருக்கிறபடி பாத்தா, நான் நிக்கிறது வண்டிக்குப் பின்னாடி."

"ஆமா சார்."

"அப்ப நீங்க ரிவர்ஸ்ல வர்றீங்க."

"ஆமா சார்."

"எங்கிருந்து?"

"பேக்கரியில இருந்து சார்."

"அவ்வளவு தூரமும் ரிவர்ஸ்லயா!" போலீஸ்காரர் குரலில் மரியாதை வந்துவிட்டது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு ரொட்டிக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "வண்டி அந்தப் பக்கம் பாக்குது. நீங்க மட்டும் ஏன் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கீங்க?"

"போற பக்கம் பாக்கணும்ல சார்."

போலீஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு காகிதத்தை மறுபடி புரட்டினார். "ஆனா அது இதுல இல்லையே. விளக்குக்கு ஒப்புதல் இருக்கு, பக்கத்துக்கு ஒப்புதல் இருக்கு. திரும்பி உக்காந்து ஓட்டறதுக்கு? அதுக்கு வாரியத்துல வாங்கியாச்சா?"

ஐந்து பதினேழு. பெட்டியிலிருந்து பன்னின் சூடு முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலையின் சங்கு ஊதுவதற்கு முன் கேட்கும் அந்தச் சின்ன இரைச்சல் தூரத்தில் கேட்டது. வாங்கவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் போலீஸ்காரர் எழுதிக்கொள்வார், வாரியத்துக்கு அனுப்புவார், அவர்கள் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்வார்கள், மூன்று பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

ரொட்டிக்காரர் போலீஸ்காரரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வாங்கியாச்சு சார்," என்றார்.

"அப்பச் சரி. போயிட்டு வாங்க."

கேன்டீன் வாசலில் பெட்டியைத் திறந்தபோது பன்கள் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஷிஃப்ட் முடியுமுன்பே நழுவி வந்தவன் ஒருவன் முதல் பன்னை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்னண்ணே, சீக்கிரம்?" என்றான்.

"ரோடு தெரிஞ்சுது தம்பி," என்றார் ரொட்டிக்காரர்.